கிணற்றுத் தண்ணீருக்கு வண்டல் வடிகட்டி: மோட்டார் எரியாமல் பூட்டுவது எப்படி

மாரி தொடங்கி இரண்டு கிழமை போனால் என் கடை வாசலில் தண்ணீர் மோட்டார்கள் சேரத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் இருபத்தாறு வருடமாக மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிச் சுருள் சுற்றிக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே நோய்தான். கிணற்று மண் உள்ளே போய்ச் சீல் தேய்ந்திருக்கும்; தண்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகும். சீலை மாற்றி, உள்ளே அப்பியிருக்கும் செம்மண்ணைக் கழுவி அனுப்பிவிடுவேன். இந்த ஏழெட்டு வருடமாக இன்னொரு வகையும் வருகிறது. சீலில் மண் தேய்த்த அடையாளம் இருக்காது, சுருள் கருகிப் போயிருக்கும். "வீட்டில் வடிகட்டி போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்பேன். "ஓம் அண்ணை, போன மாதம்தான் போட்டோம்" என்பார்கள்.

மண்ணைத் தடுக்கவென்று காசு கொடுத்து வாங்கிய பொருளே மோட்டாரை எரித்துவிடுவது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். வடிகட்டி நல்ல பொருள். அதை எந்த இடத்தில் வைப்பது, அடைத்துக்கொண்டால் எப்படித் தெரிந்துகொள்வது என்ற இரண்டையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் விற்றுவிடுகிறார்கள். அக்கா வீட்டில் நான் பூட்டிய கதையோடு சேர்த்து அந்த இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

போத்தலும் தேசிக்காயும்

போன வருடம் கார்த்திகையில் நீர்வேலியிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பேரனின் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டால் தேநீர் ஊற்றியது மாதிரி இருக்கிறது. தாங்கியைத் திறந்து பார்த்தேன், அடியில் சேறு. ஒரு வடிகட்டி கொண்டுவந்து பூட்டிவிடு" என்றார்.

வடிகட்டி எதுவும் கொண்டுபோகவில்லை. இரண்டு வெறும் கண்ணாடிப் போத்தல்களோடு போனேன். என்ன மண் என்று தெரியாமல் வடிகட்டி வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போன்றது. ஒரு போத்தலில் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளிய தண்ணீர். மற்றதில் மோட்டார் ஓடும்போது தாங்கி வாயிலே பிடித்த தண்ணீர். இரண்டிலும் நான்கு அங்குல உயரத்துக்கு நிரப்பி, குலுக்கி, குசினி யன்னலில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு நிமிடத்துக்குள் அடியில் விழுந்துவிடுவது மணல், பருக்கைக் கல். ஏறத்தாழ 40 மைக்ரோனுக்கு மேற்பட்ட துகள்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. ஒரு தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோன் வரை வரும். இரவு முழுக்க நிற்கவிட்டுக் காலையில் பார்க்கும்போது அடியில் படிந்திருப்பது வண்டல். காலையிலும் படியாமல் தண்ணீரை நிறமாக வைத்திருப்பது களி. அதன் துகள் 2 மைக்ரோனிலும் சிறியது. வீட்டுக்கு வாங்கும் சாதாரண வடிகட்டி அதைப் பிடிக்காது. நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துத் தெளிய வைத்தது இந்தக் களித் தண்ணீரைத்தான். தேற்றாங்கொட்டையோ படிகாரமோ அந்தத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, பாரமாக்கிக் கீழே இறக்கும்.

அக்கா வீட்டுப் போத்தலில் ஒரு நிமிடத்திலேயே அடியில் சாம்பல் வெள்ளையாக மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. மறுநாள் காலையில் அதன் மேல் நகத் தடிப்புக்குச் செம்மண் படிந்திருந்தது. மேலே தண்ணீர் தெளிவு. நல்ல செய்தி. களி இல்லை, வடிகட்டி வேலை செய்யும்.

தண்ணீரை மெதுவாகச் சரித்து ஊற்றிவிட்டு, அடியில் கிடந்த வெள்ளைப் பருக்கையை ஒரு பீங்கானில் எடுத்து, அதன் மேல் அரைத் தேசிக்காயைப் பிழிந்தேன். சுர்ரென்று நுரைத்தது. சுண்ணாம்புக்கல் அது. நம் குடாநாட்டின் அடித்தளமே சுண்ணாம்புக்கல் பாறைதான். நீர்வேலி அடங்கிய வலிகாமப் பகுதியில் அதன் மேல் செம்மண் போர்த்தியிருக்கிறது. கிணற்றின் மேற்பகுதிக்குத்தான் கல் கட்டுகிறோம். கீழே பாறை அப்படியே, வெடிப்பும் பொந்துமாக இருக்கும். பெருமழை பெய்யும்போது செம்மண் அந்த வெடிப்புகளால் கரைந்து கிணற்றுக்குள் இறங்குகிறது. பாறை உதிர்ந்த துகளும் கூடவே வரும். சீலைத் தேய்ப்பதில் அந்தத் துகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டையை நிறமாக்குவது செம்மண்.

வடமராட்சி கிழக்கில் மணற்காடு, அம்பன் பக்கம் இருப்பவர்களின் போத்தலில் பெரும்பாலும் மணல் மட்டும்தான் விழும். அவர்களுக்குக் கம்பிவலை வடிகட்டி ஒன்றே போதும். கீழே நான் சொல்லும் பெரிய நீலக் கூடு அவர்களுக்கு வீண் செலவு.

இன்னொன்று. கிணற்றுக்குள் இறங்கும் மோட்டார்க் குழாயின் நுனியில், ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் புட் வால்வு கிணற்றின் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். அக்கா வீட்டில் ஓர் அடிகூட இல்லை. சேற்றை உறிஞ்சித் தாங்கிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று அடிக்கு உயர்த்திக் கட்டினேன். அன்றே பாதிக் கலங்கல் போய்விட்டது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அதைத் திரும்ப இறக்கவேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் காற்றை இழுக்கும். கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளம் வெடித்திருந்தால் பூசுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கோடையில் கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ளுங்கள். இவற்றைச் செய்யாமல் வடிகட்டி போட்டால் வடிகட்டிக் கூட்டுக்குள் போடும் உருளையை மாதம் ஒன்றாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இது செய்யாத வேலை

வடிகட்டி போட்டபின் தண்ணீர் பளிங்கு போல வந்ததும் "இனிக் கொதிக்க வைக்கத் தேவையில்லை" என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். வண்டல் வடிகட்டி மிதக்கும் துகளை மட்டும் பிடிக்கும். தண்ணீரில் கரைந்திருப்பது எதையும் பிடிக்காது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு கரைந்து வருவது. அது அப்படியே வரும். உவர் அப்படியே வரும். கிருமியும் வரும்.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை நைத்திரேற்றுத்தான். வலிகாமத்துத் தோட்டங்களுக்குப் போடும் உரமும், வளவுக்கு வளவு இருக்கும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் அதைக் கூட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் அது குறையாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் வடிகட்டிக் காசுக்கு முதல் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் வழி சொல்லுவார்.

எந்த இடத்தில்

வேலையில் முக்கால் பங்கு இதுதான். மூன்று இடங்களைச் சொல்லுவார்கள்.

கிணற்றுக்கும் மோட்டாருக்கும் இடையில், மோட்டாரின் வாய்க்கு முன்னால் வைத்தால் மோட்டாருக்குள் மண்ணே போகாதே என்று கேட்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் உறிஞ்சும் குழாயில் வடிகட்டியை வைக்கவே கூடாது. மேலே வைத்த மோட்டார் 7, 8 மீற்றர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. அது இயற்கை விதித்த எல்லை. வடிகட்டி கொஞ்சம் அடைத்தாலே அந்த எல்லை குறைந்துவிடும். கூட்டின் மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று இழுக்கும், தண்ணீர் ஏறாது, மோட்டார் வெறுமனே ஓடிச் சூடாகும். மோட்டாருக்குள் மண் போகாமலிருக்க வழி, நான் முன்பு சொன்ன புட் வால்வை உயர்த்துவதுதான்.

இரண்டாவது இடம், தாங்கியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாய். இங்கே அழுத்தம் போதாது. தண்ணீர் 10 மீற்றர் உயரத்தில் நின்றால் ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 14 இறாத்தல்) அழுத்தம் தரும். நம் வீடுகளில் தாங்கி பைப்பிலிருந்து 4 மீற்றர் உயரத்தில் இருந்தால் பெரிய விஷயம். அதாவது 6 பி.எஸ்.ஐ.கூட இல்லை. வடிகட்டி அழுக்காக அழுக்காக அதில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். குளியலறையில் தண்ணீர் நூலாக வரும். போதாததற்கு, தாங்கியின் அடியில் சேறு சேர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது இடம் மோட்டாருக்கும் தாங்கிக்கும் இடையில். மோட்டாரின் தள்ளும் பலம் வடிகட்டிக்குக் கிடைக்கிறது. தாங்கிக்குள் சுத்தமான தண்ணீர் போகிறது. நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ஆனால் மோட்டார்கள் எரிவதும் இந்த இடத்தில்தான். காரணத்தைக் கேளுங்கள்.

நம் வீடுகளில் மோட்டாரைப் போட்டுவிட்டு ஆளாளுக்கு வேலை பார்க்கப் போய்விடுவோம். தாங்கி நிரம்பி முற்றத்தில் தண்ணீர் விழும் சத்தம்தான் எங்களுக்கு மணி. அந்தச் சத்தம் கேட்டதும் யாராவது ஓடிப்போய் நிறுத்துவார்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் தாங்கி நிரம்பாது. சத்தம் வராது. அரை மணி நேரத்தில் நிறுத்தவேண்டிய மோட்டார் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் ஓடும். வெளியே போக வழியில்லாத தண்ணீர் உள்ளேயே சுழன்று கொதிக்கும். சீல் இளகும், பின் சுருள் கருகும். தாங்கியில் மிதவைச் சுவிச் வைத்திருக்கிறோம் என்று தைரியமாக இருப்பவர்களுக்கும் இதே கதிதான். தாங்கி நிரம்பினால்தானே மிதவை எழும்பும்?

ஆகவே மூன்று பொருள்களை வடிகட்டியோடு சேர்த்தே வாங்குங்கள்: வடிகட்டியைச் சுற்றிப் போகும் மாற்றுவழிக் குழாய், வடிகட்டிக்கு முன்னால் ஓர் அழுத்தமானி, மோட்டாருக்கு நேரம் குறிக்கும் டைமர் சுவிச். காசு போதாவிட்டால் மாற்றுவழியையும் டைமரையும் முதலில் போடுங்கள்.

வாங்குவது

முதலில் உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று அளந்து பாருங்கள். அக்கா வீட்டில் அரைக் குதிரைவலு மோட்டார். தாங்கி வாயில் 20 லீற்றர் வாளியைப் பிடித்தேன்; 38 விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 32 லீற்றர். 1000 லீற்றர்த் தாங்கி நிரம்ப அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. டைமரை 45 நிமிடத்துக்கு வைத்தேன். இந்த 38 விநாடியைச் சுவரில் எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

இந்த ஓட்டத்துக்கு, குசினி பைப்புக்குப் பூட்டும் பத்து அங்குல ஒல்லிக் கூடு போதாது. 20 அங்குல உயரமும் நாலரை அங்குல விட்டமுமான உருளை போகும் பெரிய நீலக் கூடு வேண்டும். வாய் ஓர் அங்குலம். தண்ணீர் கடக்கும் பரப்பு கூடக்கூட எதிர்ப்புக் குறையும், உருளையும் நெடுநாள் நிற்கும். கண்ணாடி போல் தெரியும் கூடு பார்க்க அழகு. வெயில் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும். ஒளி புகாததை வாங்குங்கள். மூடியின் மேல் காற்றை வெளியேற்றும் சிவப்புப் பொத்தான் இருக்கவேண்டும்.

உள்ளே போடும் உருளை மூன்று வகையாகக் கிடைக்கும். நூல் சுற்றியது, மடிப்பு மடிப்பாக இருப்பது, பஞ்சு போல வெள்ளையாக இருக்கும் பொலிபுரோப்பிலீன். மடிப்பு உருளையைக் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். ஆனால் துகளை மேற்பரப்பில் மட்டும் பிடிக்கும். செம்மண்ணுக்கு நான் வெள்ளைப் பஞ்சு உருளையைத்தான் போடுவேன். அது வெளியே தளர்வாகவும் உள்ளே நெருக்கமாகவும் செய்யப்பட்டிருப்பதால் முழுத் தடிப்பிலும் மண்ணை ஏற்றுக்கொள்ளும். உருளையின் மைக்ரோன் எண் சிறுக்கச் சிறுக்க அது நுண்ணிய துகளையும் பிடிக்கும். 5 மைக்ரோன்தான் நல்லது என்று கடையில் எடுத்துத் தருவார்கள். முதல் உருளை 20 மைக்ரோனாக இருக்கட்டும். பின்னால் ஏன் என்று சொல்கிறேன்.

போத்தலில் முதல் நிமிடத்தில் பருக்கை விழுந்திருந்தால், நீலக் கூட்டுக்கு முன்னால் கம்பிவலை வடிகட்டி ஒன்றும் வேண்டும். 50 மைக்ரோன் வலை, அடியில் திறந்து கழுவிவிடும் சிறிய குழாய் உள்ளது. அக்கா வீட்டில் அந்தக் கழுவு தண்ணீரை ஒரு குழாயால் வாழையடிக்கு விட்டிருக்கிறேன்.

மிச்சம் ஓர் அங்குல பி.வி.சி. அழுத்தக் குழாய், மூன்று கைப்பிடி வால்வு, இரண்டு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு), இரண்டு யூனியன் (வெட்டாமல் கழற்றக்கூடிய இணைப்பு), வால்வு சொக்கெட் (ஒரு நுனியில் புரி உள்ள இணைப்பு), எல்போ, பசை, டெஃப்லோன் நாடா, சிலிக்கோன் கிறீஸ். குழாயில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பூட்டுவது

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ட்ரிப் சுவிச்சிலேயே நிறுத்துங்கள். மோட்டார்ச் சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது. ஈரத்தில் நின்று செய்யும் வேலை இது.

கூட்டைச் சுவரில் தாங்கும் தகட்டை முதலில் பூட்டவேண்டும், குழாய் வேலை அதற்குப் பிறகுதான். தண்ணீர் நிரம்பிய நீலக் கூடு ஒரு சிறு பிள்ளையைத் தூக்குவது போல் பாரமாக இருக்கும். அந்தப் பாரத்தைக் குழாயில் தொங்கவிட்டால் ஒருநாள் மூடியின் வாய் வெடிக்கும். கிணற்றடிச் சுவர்கள் பல இடங்களில் உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லால் கட்டியவை. அதில் பிளக் அடித்துத் திருகினால் நிற்காது. அக்கா வீட்டில் சுவரின் பின்பக்கம் ஒரு பலகையை வைத்து, சுவரை ஊடுருவி நீள ஆணி போட்டு முடுக்கினேன். கூட்டின் கீழே ஓர் அடி இடம் விடுங்கள். உருளை மாற்றும்போது கிண்ணத்தைக் கீழே இறக்கவும், வாளி வைக்கவும் அந்த இடம் வேண்டும். நேர்வெயில் படாத பக்கமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் மேலே ஒரு தகரத் துண்டைச் சரித்து விடுங்கள்.

குழாய் ஒழுங்கு இது. மோட்டாரிலிருந்து வரும் தண்ணீர் முதலில் கம்பிவலை வடிகட்டிக்குப் போகும். அதற்குப் பின் அழுத்தமானி. அதற்குப் பின் ஒரு டீ. டீயின் நேர்வழியில் முதல் வால்வு, யூனியன், நீலக் கூடு, யூனியன், இரண்டாம் வால்வு, பிறகு மற்ற டீ, அங்கிருந்து தாங்கிக்கு. இரண்டு டீக்களின் கிளைகளையும் மூன்றாம் வால்வு வழியாக இணைத்துவிடுங்கள், அதுதான் மாற்றுவழி. கம்பிவலை மாற்றுவழிக்கு முன்னால் இருப்பதால், உருளை இல்லாத நாளிலும் பருக்கை தாங்கிக்குப் போகாது.

எல்லாவற்றையும் பசை போடாமல் ஒருதடவை கோத்துப் பாருங்கள். கூட்டின் மூடியில் தண்ணீர் வரும் வாய், போகும் வாய் என்று அம்புக்குறி போட்டிருக்கும். தண்ணீர் உருளையின் வெளிப்புறத்திலிருந்து நடுத் துளைக்குப் போகவேண்டும். மாறிப் பூட்டினாலும் தண்ணீர் வரும், அதனால் பலருக்குத் தவறு தெரிவதில்லை. நெருக்கமான உட்பகுதி முதலில் அடைபட்டு இரண்டு கிழமையில் உருளை செத்துவிடும்.

மூடியின் வாய்க்குள் பி.வி.சி. வால்வு சொக்கெட்டையே திருகுங்கள். இரும்புப் புரி பிளாஸ்ரிக் மூடியைப் பிளந்துவிடும். புரியின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, டெஃப்லோன் நாடாவை வலப்பக்கமாக எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். கையால் இறுகும் மட்டும் திருகி, பிறகு சாவியால் அரைச் சுற்று, கூடினால் முக்கால். ஒழுகினால் கழற்றி நாடாவைக் கூட்டிச் சுற்றலாம். வெடித்த மூடியை ஒன்றும் செய்ய முடியாது.

பசை போடும் இடத்தை அரத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, இரண்டு பக்கமும் பூசி, செருகிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். அன்றைக்குத் தண்ணீர் விடவேண்டாம். அக்கா மத்தியானம் சமைக்கத் தண்ணீர் கேட்டார். வாளியால் அள்ளிக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்தேன்.

அந்த இடைவெளியில் தாங்கியைக் கழுவிவிட்டேன். பழைய சேறு அடியில் கிடந்தால் எவ்வளவு சுத்தமான தண்ணீர் ஏற்றினாலும் பைப்பில் செம்மண்தான் வரும்.

உருளையைப் போடுவது, தண்ணீர் விடுவது

உருளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் உறையை உரித்துவிட்டுத்தான் உள்ளே போடவேண்டும். இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று எண்ணாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தம்பி கருகிய மோட்டாரோடு வந்தார். மூன்று நாள் பழைய வடிகட்டி. சந்தேகப்பட்டுக் கூட்டையும் கொண்டுவரச் சொல்லித் திறந்தேன். உருளை வெள்ளை வெளேரென்று, உறையோடு இருந்தது. பூட்டியவர் அவசரத்தில் விட்டுவிட்டார். அந்தத் தம்பியின் தாய் இரவு முழுக்கத் தண்ணீர் ஏறவில்லையே என்று மோட்டாரைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்.

கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும் றப்பர் வளையத்தை எடுத்துத் துடைத்து, அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து, சிலிக்கோன் கிறீஸ் விரல் நுனியளவு பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் வாசலீனும் வேண்டாம், சில வகை றப்பர் அவற்றில் ஊதிவிடும். ஒரு மணல் பருக்கை அங்கே இருந்தாலும் சொட்டும். உருளையின் துளை கிண்ணத்தின் அடியிலுள்ள குமிழில் நிமிர்ந்து உட்காரவேண்டும். கையால் மட்டும் முடுக்குங்கள். கூட்டோடு தரும் பெரிய சாவி கழற்றுவதற்கு உரியது.

மூன்றாம் வால்வைத் திறந்து வைத்து மோட்டாரைப் போடுங்கள். தண்ணீர் மாற்றுவழியால் தாங்கிக்குப் போகும். இப்போது முதல் வால்வைச் சற்றே திறந்து, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். உஸ்ஸென்று காற்று வந்து, பிறகு தண்ணீர் பீச்சும். பொத்தானை விட்டு, முதல் வால்வை முழுதாகத் திறந்து, இரண்டாவதையும் திறந்து, கடைசியாக மூன்றாவதை மூடுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாள் காட்டிக்கொடுக்கும்.

அக்கா வீட்டில் சுத்தமான உருளையோடு மானி 11 பி.எஸ்.ஐ. காட்டியது. வாளி 41 விநாடியில் நிரம்பியது. இரண்டையும் கரிக்கட்டியால் சுவரில் எழுதினேன்.

மாற்றுவது எப்போது, அறுத்துப் பார்ப்பது ஏன்

மாதக் கணக்கு வேண்டாம். மானி சுத்தமாக இருந்தபோது காட்டியதிலிருந்து 10 பி.எஸ்.ஐ. ஏறினால் மாற்றுங்கள். மானி இல்லாதவர்கள் வாளியைப் பிடியுங்கள்: அக்கா வீட்டில் 41 விநாடி 60 ஆனால் மாற்றும் நேரம். மாரியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பாருங்கள், கோடையில் மாதம் ஒருதடவை போதும். மானி ஏறாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு மேல் ஓர் உருளையை வைக்கவேண்டாம். வழுவழுப்புப் பிடித்து மணக்கத் தொடங்கும். புது உருளை கையில் இல்லாத நாளில் மூன்றாம் வால்வைத் திறந்துவிட்டு மற்ற இரண்டையும் மூடிவிடுங்கள். தண்ணீர் கலங்கலாக வந்தாலும் மோட்டார் தப்பிவிடும்.

மாற்றும்போது மோட்டாரை நிறுத்தி, முதல் இரண்டு வால்வையும் மூடி, சிவப்புப் பொத்தானை அழுத்தி அழுத்தத்தை விட்டபின் கிண்ணத்தைத் திருகுங்கள். இரண்டாம் வால்வை மூட மறந்தால் மேற்குழாயில் நிற்கும் தண்ணீரெல்லாம் தலையில் கொட்டும்.

எடுத்த உருளையை எறியவேண்டாம். இரும்பறுக்கும் வாளால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நான் சொல்ல வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்; கடைகளில் இதைச் சொல்லித் தந்து நான் கேட்டதில்லை. அக்கா வீட்டின் முதல் உருளையை, அந்த 20 மைக்ரோனை, நான்கு கிழமையில் எடுத்து அறுத்தேன். வெளித்தோல் கரும்பழுப்பு, உள்ளே வர வர இளஞ்சிவப்பு, நடுத்துளையின் ஓரத்திலும் அந்தச் சிவப்பு இருந்தது. அதாவது மண் முழுத் தடிப்பையும் தாண்டி உள்ளே போயிருக்கிறது. இன்னும் நெருக்கமான உருளை வேண்டும். அடுத்ததாக 10 மைக்ரோன் போட்டேன். ஐந்து கிழமை நின்றது. அறுத்தபோது சிவப்பு மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் நின்றுவிட்டது, நடுவில் பால் வெள்ளை. அக்காவின் கிணற்றுக்குச் சரியான அளவு அதுதான்.

உரும்பிராயில் ஒரு வீட்டிலிருந்து வந்த 5 மைக்ரோன் உருளையையும் அறுத்து வைத்திருக்கிறேன். ஒரு மில்லிமீற்றர்த் தோல் மட்டும் சேறு. மற்ற முழுவதும் புதிது போல வெள்ளை. பத்து நாளில் அடைத்துக்கொண்டது என்று சொன்னார்கள். தோலிலேயே அடைபட்டு, மீதிப் பஞ்சுக்கு வேலையே வரவில்லை. அவர்களுக்கு 20 மைக்ரோன் கொடுத்தேன். 5 மைக்ரோன்தான் வேண்டுமென்றால் 20க்குப் பின்னால் இரண்டாவது கூட்டில் போடவேண்டும். சட்டை தோய்க்கவும் குளிக்கவும் அவ்வளவு தேவையில்லை.

இந்தப் பஞ்சு உருளையைத் தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவித் திரும்பப் போடுபவர்கள் உண்டு. அறுத்த உருளையைப் பார்த்தால் ஏன் பயனில்லை என்று விளங்கும். தோல் வெளுக்கும், ஆழத்தில் இருக்கும் மண் அங்கேயே இருக்கும். பழையதை வளவில் போட்டு எரிக்கவும் வேண்டாம், அது பிளாஸ்ரிக். காயவைத்துக் குப்பை எடுக்க வருபவர்களிடம் கொடுங்கள்.

அக்கா வீட்டுச் சுவரில் இப்போது ஆறு திகதிகள் இருக்கின்றன. பேரன்தான் எழுதுகிறான்; பக்கத்தில் மானியின் எண்ணையும் குறிக்கிறான். கடைசியாகப் பார்த்தபோது 14. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வைகாசி பிறந்ததும் புட் வால்வை இறக்க நானே போவேன்.